மகரிஷியின் முழங்கால்

முழங்கால் வலிக்கு ஊர் பேதம் கிடையாது. பெரியவர், சிறியவர் என்ற பேதமும் கிடையாது.

புதுச்சேரியிலிருந்து வடக்கே காலாப்பட்டைத் தாண்டிப் போனால் கடலோரத்தில் கனகசெட்டிக்குளம் என்ற மீனவர் கிராமம் வருகிறது. மணலில் கால் புதைய வலை இழுப்பதும், மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதும் இப்படிப்பட்ட கடலோர ஊர்களுக்குப் பழகிப்போன உழைப்பு. அந்த உழைப்புக்கெல்லாம் ஒரு நாள் கணக்குக் கேட்பது முழங்கால்தான். ஐம்பது வயதைத் தாண்டினால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. படி ஏறினால் மூட்டு கறகறவென்கிறது.

உடனே வீட்டுக்கு வீடு வைத்தியம் ஆரம்பமாகிவிடும். வாயுப் பண்டம் கூடாது என்பார் ஒருவர். முடக்கத்தான் கீரையை மாவோடு அரைத்துத் தோசை வார்த்துச் சாப்பிடு என்பார் இன்னொருவர். எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து நீவிவிட்டால் பறந்துபோகும் என்பார் மூன்றாமவர்.

ஒன்று ஆகாரம். மற்றொன்று கை வைத்தியம். மூட்டு வலிக்கு மனிதன் தேடிய வழிகளில் இவை இரண்டும் மிகப் பழமையானவை.

உலகம் போற்றிய ஒரு மகானுக்கும் மூட்டு வலி வந்தது. அவருக்கு முன்னாலும் அன்பர்கள் இந்த இரண்டையும் கொண்டுபோய் வைத்தார்கள். கை வைத்தியத்தை அவர் தடுக்கவில்லை. தமக்கென்று தனி ஆகாரத்தை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதில் அவருடைய வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

அவர்தான் திருவண்ணாமலை ரமண மகரிஷி.

பந்து உதைத்த கால்கள்

பாண்டிய நாட்டுத் திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் சுந்தரமய்யர் அந்த ஊரில் வக்கீல். தாயார் அழகம்மாள். குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயர். 1892-ல் தகப்பனார் காலமானதும் குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் அண்ணன் நாகசுவாமியும் மதுரையில் சித்தப்பா சுப்பய்யர் வீட்டுக்கு வந்தார்கள்.

பையன் படிப்பில் பெரிய அக்கறை காட்டவில்லை. ஆனால் உடம்பு இரும்பு. கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். தூங்கினால் அடித்தாலும் எழுந்திருக்காத தூக்கம். பிற்காலத்தில் இரண்டு அடி வைக்கத் தடியைத் தேடிய கால்கள், அன்று மதுரைப் பையன்களோடு பந்து உதைத்து ஓடிய கால்கள்தான்.

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பதினாறு வயதில், மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது திடீரென்று மரண பயம் பிடித்தது. நோய் நொடி ஒன்றும் இல்லை. டாக்டரைக் கூப்பிடவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பிணம்போல் கைகால்களை நீட்டிப் படுத்துக்கொண்டான். இந்த உடம்பைக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அதோடு நானும் அழிந்துபோவேனா என்று தன்னைத்தானே விசாரித்தான். உடம்பு வேறு, தான் வேறு என்ற தெளிவு அந்தச் சில நிமிஷங்களில் பிறந்தது. அது பிறகு ஒரு நாளும் மங்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29-ஆம் தேதி, அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்காகக் கொடுத்த பணத்தில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு வேங்கடராமன் வீட்டை விட்டுப் புறப்பட்டான். ரயிலில் விழுப்புரம் வந்து இறங்கினான். புதுச்சேரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே விழுப்புரம் ஜங்ஷன்தான். அங்கிருந்து கையில் மிஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. மீதி வழிக்குக் கால்களைத் தவிர வேறு வாகனம் இல்லை. பத்து மைல் நடந்து அறையணிநல்லூர்க் கோயிலை அடைந்தான். கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி மறுபடி ரயில் ஏறினான். செப்டம்பர் 1-ஆம் தேதி காலை அருணாசலேசுவரர் சந்நிதியில் போய் நின்றான். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த மலையடியை விட்டு அவர் நகரவில்லை.

கடலுக்கு அப்பால் ஒரு கை வைத்தியர்

ஏறக்குறைய இதே சமயத்தில் அமெரிக்காவில் ஒரு காரியம் நடந்தது. நம் கதைக்கும் அதற்கும் பின்னால் ஒரு தொடர்பு வருகிறது.

அயோவா மாகாணத்து டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்று ஒருவர் இருந்தார். பலசரக்குக் கடை வைத்துப் பார்த்தவர். பிறகு காந்த வைத்தியம் செய்தவர். 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அதாவது வேங்கடராமன் மதுரையை விட்டுப் புறப்படுவதற்கு ஓராண்டு முன்னால், அந்தக் கட்டடத்தில் வேலை செய்த ஹார்வி லில்லார்ட் என்ற காது கேளாதவரின் முதுகெலும்பில் ஒரு கணுவை அழுத்திச் சரி செய்ததாகவும், அவருக்குக் காது கேட்டதாகவும் பால்மர் சொன்னார். முதுகெலும்பு சரியாக இருந்தால் நோய்களெல்லாம் தீரும் என்று அதிலிருந்து ஒரு வைத்திய முறையையே கட்டினார். கையால் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்குக் கைரோபிராக்டிக் என்று பெயர் வைத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக 1906-ல் பால்மர் சிறை சென்றார். 1913-ல் காலமானார். அவர் ஆரம்பித்த முறை இன்று பல நாடுகளில் சட்டத்தின் அங்கீகாரத்தோடு நடக்கிறது.

நம் நாட்டுக்கு இது புதுமை அன்று. சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று ஒரு பிரிவு உண்டு. தட்டுவது, இறுக்குவது, பிடிப்பது, முறுக்குவது என்று ஒன்பது விதமாகக் கையால் செய்யும் சிகிச்சை அது. எண்ணெய் போட்டு உடம்பு பிடித்துவிடுபவர் இல்லாத ஊர் அந்தக் காலத்தில் ஏது? திருவண்ணாமலையிலும் பின்னால் அந்தக் கை வைத்தியம்தான் நடக்கப்போகிறது.

தொடையில் விழுந்த தழும்பு

கோயிலுக்கு வந்த பையன் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தான். விஷமக்காரச் சிறுவர்கள் கல் எறிந்தார்கள். அவர்களுக்கு ஒதுங்கிப் பாதாள லிங்கம் இருந்த நிலவறைக்குள் இறங்கினான். பகலிலும் வெளிச்சம் எட்டாத ஈரத் தரை. எறும்பும் பூச்சியும் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கின. ரத்தமும் சீழும் வழிந்தன. நிஷ்டையில் இருந்தவனுக்கு அது தெரியவில்லை. அன்பர்கள் சிலர் தூக்கி வெளியே கொண்டுவந்தபோதும் அவன் கண் திறக்கவில்லை. அந்தத் தழும்புகள் கடைசிவரை இருந்தன என்பார்கள்.

அடுத்த ஆண்டு ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்ற மடத்துக்குப் போனார். அங்கும் எறும்புத் தொல்லை. ஒரு முக்காலியைப் போட்டு அதன் கால்களைத் தண்ணீரில் வைத்து அதன்மேல் அவரை உட்காரவைத்தார்கள். அவரோ சுவரில் சாய்ந்துகொண்டார். எறும்புகள் சுவர் வழியாக வந்தன. நாள் ஒன்றுக்கு மத்தியானத்தில் ஒரே ஒரு கிண்ணம் ஆகாரம். உடம்பு எலும்பும் தோலுமாயிற்று. வெளியே போக வேண்டும் என்று எழுந்தால் தலை சுற்றும். சில அங்குலம் எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுவார். இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகே நிற்க முடியும். பழனிசாமி என்ற அன்பர் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார்.

மதுரையில் மல்யுத்தம் செய்த இளைஞனின் தேகம் இரண்டே ஆண்டில் இந்த நிலைக்கு வந்தது. மூட்டைத் தாங்கிப் பிடிப்பது சுற்றியுள்ள தசைகள்தான். ஆகாரமும் அசைவும் இல்லாவிட்டால் அவை மெலிந்துவிடும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. உடம்பை மறந்து உட்கார்ந்திருந்த அந்த ஆண்டுகளை யாரும் பார்த்துக் காப்பியடிக்கக்கூடாது. ரமணரே பிற்காலத்தில் தம்மிடம் வந்தவர்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. அளவோடு, சாத்விகமாகச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்லிவந்தார்.

மலையில் இருபது வருஷம்

1899 முதல் மலைமேல் விரூபாட்ச குகையில் வாசம். 1916-ல் இன்னும் சற்று மேலே ஸ்கந்தாசிரமம். தாயார் அழகம்மாளும் அங்கே வந்து மகனோடு இருந்தார். பிச்சையெடுத்து வந்த சோற்றையும் குழம்பையும் ஒன்றாகக் கலந்து, இருப்பவர் அத்தனை பேருக்கும் சமமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். உப்புக்கூட இல்லாமல் சாப்பிட்ட நாள் உண்டு. வந்தது கொஞ்சம் என்றால் எல்லாருக்கும் கொஞ்சம். நிறைய என்றால் எல்லாருக்கும் நிறைய. ஒரே கணக்கு. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலிக் கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

மலை வாசத்தில் கால்கள் மறுபடி உறுதியாயின. மலையில் அவர் நடக்காத பாதை இல்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை அன்பர்களோடு அடிக்கடி செய்தார். 1926-க்குப் பிறகுதான் அது நின்றது. அதற்குக் கால் வலி காரணம் இல்லை. அவர் புறப்பட்டால் ஆசிரமம் முழுவதும் கூடவே புறப்பட்டுவிடும். பின்னால் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

அந்தக் கால்கள் பட்ட அடிகளும் கொஞ்சம் அல்ல. ஒரு நாள் புதருக்குள் நடந்தபோது தொடை ஒரு குளவிக் கூட்டில் இடித்துவிட்டது. குளவிகள் பாய்ந்து காலில் மொய்த்துக் கொட்டின. அவர் காலை உதறவில்லை. கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே, தண்டனையும் அதற்கே வரட்டும் என்று அசையாமல் நின்றார். கால் வீங்கிப் பல நாள் வேதனை கொடுத்தது.

1922 மே மாதம் தாயார் மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதிக்கு அருகே ரமணர் வந்து தங்கினார். அங்கே ஆசிரமம் வளர்ந்தது. 1924 ஜூன் 26-ஆம் தேதி இரவு திருடர்கள் புகுந்தார்கள். அங்கே பணமா, நகையா? ஏமாந்த ஆத்திரத்தில் ரமணரின் இடது தொடையில் தடியால் ஓங்கி அடித்தார்கள். திருப்தி இல்லை என்றால் மற்றக் காலிலும் அடிக்கலாமே என்றாராம் ரமணர். சீடர் ஒருவர் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தபோது அவரைத் தடுத்ததும் ரமணர்தான்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்று

1931-ல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் வந்தார். அவர் எழுதிய புத்தகம் 1934-ல் வெளியானது. திருவண்ணாமலையின் பெயர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. கூட்டம் பெருகியது. ரமணர் ஹாலில் சோபாவில் சாய்ந்திருப்பார். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் காலத்தில்தான் முழங்கால்கள் பேச ஆரம்பித்தன. வாத நோய் என்று அன்று பொதுவாகச் சொன்னார்கள். சம்மணம் போட்டால் சிறிது நேரத்திலேயே கடுக்கும். ஆகையால் சோபாவில் கால்களை நீட்டிக்கொண்டிருப்பது வழக்கமாயிற்று.

ஒரு சமயம் மேல்நாட்டிலிருந்து வந்த ஓர் அம்மையாருக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. பழக்கம் இல்லாதவர், பாவம், கால்களை முன்னால் நீட்டிக்கொண்டார். பெரியவர் முன்னால் காலை நீட்டுவது மரியாதைக் குறைவு அல்லவா? பக்கத்தில் இருந்த ஊழியர் ஒருவர் அவரிடம் போய்க் காலை மடக்கச் சொன்னார். அம்மையார் வெட்கப்பட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு மடக்கினார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ரமணர் உடனே எழுந்து உட்கார்ந்து தம் கால்களை மடக்கிச் சம்மணமிட்டார். நேரம் போயிற்று. முழங்கால்களில் எவ்வளவு வேதனை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கால்களை நீட்டிக்கொள்ளும்படி கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. காலை நீட்டக்கூடாது என்பது இங்கே சட்டம் என்றால் அது தமக்கும் சேர்ந்ததுதானே. வந்தவர்களில் பலர் தம்மைவிடப் பெரியவர்களாக இருக்கும்போது தாம் மட்டும் நீட்டலாமா என்பது அவருடைய நியாயம். அம்மையார் போன பிறகும் அவர் கால்களை நீட்டவில்லை. அந்த ஊழியர் அன்று கற்ற பாடத்தை ஜன்மத்துக்கும் மறந்திருக்கமாட்டார்!

கை வைத்தியத்திலும் இதே கதைதான். தைலங்கள் வந்தன. அன்பர்கள் முறை போட்டுக்கொண்டு கால்களுக்குத் தேய்த்துப் பிடித்துவிட்டார்கள். ரமணர் தடுக்கவில்லை. ஆனால் அது வைத்தியம் என்பது போய், மகானின் பாதத்தைத் தொட்டுப் புண்ணியம் தேடும் போட்டியாக மாறுவதை அவர் கவனித்தார். ஒரு நாள் அவர்களை விலகச் சொல்லிவிட்டுத் தாமே தம் காலைத் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தார். இந்தச் சாமியின் காலைப் பிடித்துவிட்டால் புண்ணியம் என்றால் அதில் கொஞ்சம் தமக்கும் வேண்டாமா என்று கேட்டாராம். சிரிக்காமல் இருக்க யாரால் முடியும்?

புதுச்சேரியில் உடைந்த எலும்பு

இதே காலத்தில் புதுச்சேரியிலும் ஒரு மகானுக்குக் காலில் சோதனை வந்தது. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி விடியுமுன் ஸ்ரீ அரவிந்தர் தம் அறையில் தவறி விழுந்தார். வலது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. அன்று தரிசன நாள். தூரதேசங்களிலிருந்து வந்து காத்திருந்தவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

எலும்பு கூடிய பிறகும் கஷ்டம் தீரவில்லை. நெடுநாள் அசையாமல் கிடந்ததால் முழங்கால் விறைத்துவிட்டது. அதை மடக்கி நீட்டப் பழக்குவதுதான் பெரிய வேலையாயிற்று. மருத்துவர்கள் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்து, கைகளுக்கு அடியில் கட்டை ஊன்றி நடந்து, பிறகு மெல்ல மெல்லத் தம் காலிலேயே நடந்தார். மூட்டுக்கு அசைவுதான் மருந்து என்பதற்கு நம் பக்கத்திலேயே நடந்த உதாரணம் இது.

ஓர் இலைக்கு மட்டும் விருந்தா?

ரமணாசிரமத்தில் ரமணரே பல வருஷம் சமையற்காரர். விடியுமுன் எழுந்து காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். கத்தரிக்காய்க் காம்பைக்கூட வீணாக்க விடமாட்டார். எந்தக் கீரை உடம்புக்கு என்ன செய்யும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகாரத்தின் அருமை தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது.

பந்தியில் மட்டும் கண்டிப்பு. தம் இலையில் ஒரு கரண்டி அதிகம் விழுந்தாலும் முகம் மாறும். பரிமாறுகிறவர் அன்பினால்தான் செய்தார். ஆனால் அவருக்கு அது அநியாயமாகப் பட்டது. ராஜாவுக்கும் கூலிக்காரனுக்கும் எது விழுகிறதோ அதுவே தமக்கும் என்றார்.

1947 வாக்கில் அன்பர்களுக்குப் பெரிய கவலை பிடித்தது. வாதம் கால்களோடு நிற்காமல் முதுகுக்கும் தோள்களுக்கும் ஏறியது. நடை தளர்ந்தது. இடையில் ஒரு நாள், அணில் ஒன்றைத் துரத்திய நாயைத் தடுக்கக் கைத்தடியைக் குறுக்கே வீசியபோது கால் வழுக்கி விழுந்து கழுத்துப்பட்டை எலும்பையும் முறித்துக்கொண்டார். ஆசிரமத்துச் சாதாரணச் சாப்பாடு இந்த உடம்புக்குப் போதாது, சத்துள்ள ஆகாரம் வேண்டும் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் பட்டது. ஆசிரமத்தில் அப்போது பணத்துக்குப் பஞ்சம் இல்லை. பாலும் பழமும் கொண்டுவந்து கொடுக்க நூறு பேர் காத்திருந்தார்கள்.

ரமணர் சம்மதிக்கவில்லை.

மருந்தென்று லேகியம் வந்தால்கூட, எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் தமக்கு. அத்தனை பேருக்கும் தினமும் கொடுக்க முடியாத ஆகாரம் தமக்கு மட்டும் எதற்கு? அவருக்குக் கிடைக்காத சத்து ஒரு பந்தியில் உட்கார்ந்திருந்த ஏழைக்கும் கிடைக்கவில்லை. அந்த ஏழையும் முழங்கால் வலிக்காரனாக இருக்கலாம் அல்லவா?

அன்பர்களின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நோயாளிக்கு நோயாளியின் ஆகாரத்தைக் கொடுப்பது பாரபட்சம் ஆகாது. வீட்டில் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைத்தால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ரமணர் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் அந்தக் கால்கள் இன்னும் சில ஆண்டுகள் சௌகரியமாக நடந்திருக்குமோ என்று நினைத்து ஏங்கியவர்கள் உண்டு. பிரியத்துக்கும் கொள்கைக்கும் நடந்த இந்தப் போராட்டத்தில் ஜெயித்தது கொள்கை. விலையைக் கொடுத்தது முழங்கால்.

இன்றைய மருத்துவம் என்ன சொல்கிறது?

அன்று வாதம் என்ற ஒரே பெயரில் அடங்கிய நோய்களை இன்று மருத்துவர்கள் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். வயதானவர்களிடம் அதிகமாகக் காண்பது மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு நைந்துபோவதால் வருவது. வயது, உடல் பருமன், பழைய காயம், மூட்டுக்கு ஓயாத சுமை ஆகியவை இதை வளர்க்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவதால் வரும் முடக்குவாதம் வேறு. அதற்குத் தனி மருந்து உண்டு. காலம் தாழ்த்தினால் மூட்டு கோணிவிடும். எந்த வலி என்று டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளர்க்கும் கீரையோ பழமோ இல்லை. ஆனால் ஆகாரத்தால் நன்மை உண்டு. எடை மிகுந்தவர்கள் அளவறிந்து சாப்பிட்டு உடம்பைக் குறைத்தால் முழங்காலின் பாரம் இறங்குகிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி கணக்கிட்டது. மெலிந்தவர்களுக்கு இதற்கு நேர்மாறு. தசையைக் காக்கப் பருப்பும் பாலும் முட்டையும் மீனும் வேண்டும். மீன் பிடிக்கும் ஊரில் இருந்துகொண்டு, வாயு என்று பயந்து எல்லாவற்றையும் விலக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிடுவது முழங்காலுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

கை வைத்தியம்? எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். வலி சற்று அடங்கும். பால்மர் வழிவந்தவர்களின் சிகிச்சையால் இடுப்பு வலிக்காரர்கள் சிலருக்கு ஓரளவு குணம் தெரிகிறது. ஆனால் முழங்கால் தேய்மானத்தை அது மாற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. எலும்பு மெலிந்த முதியவர்களுக்குக் கழுத்தையும் முதுகையும் வேகமாகத் திருப்பிச் சொடுக்கு எடுப்பது ஆபத்து. அமெரிக்க வாத நோய் மருத்துவர்களின் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையில் மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் வரிசையில் நின்றவை தேகப்பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி ஆகியவை.

ஆமாம், கைத்தடிதான். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் தடியைப் பிடித்து நடந்தால் மூட்டின் சுமை குறைகிறது. கைத்தடி பிடித்தால் கிழவன் என்று சொல்வார்களே என்று வெட்கப்படுகிறவர்கள் ரமணருடைய படங்களைப் பார்க்கலாம். ஒரு கையில் கமண்டலம், மறு கையில் தடி. அதை மறைக்க அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. வலி இருந்தும், தினமும் மலைச் சரிவில் நடப்பதை உடம்பு இடம் கொடுத்தவரை அவர் விடவும் இல்லை.

கடைசி நாட்கள்

1948-ஆம் ஆண்டு முடிவில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதை அறுத்து எடுத்தார்கள். மறுபடி வளர்ந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஆண்டுக்குள் நாலு தடவை அறுவை நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு அவர் இணங்கவில்லை. அலோபதி, சித்தம், ஹோமியோபதி என்று அன்பர்கள் கொண்டுவந்த வைத்தியங்களுக்கு மட்டும் அவர்களுடைய மனம் நோகாதபடி இடம் கொடுத்தார். வலி இருப்பதை அவர் மறுக்கவில்லை. அது உடம்பின் வலி என்றார். மதுரை மாடி அறையில் பதினாறு வயதில் கண்ட தெளிவு, எழுபதாவது வயதில் கத்தியின் கீழும் கலையவில்லை.

உடம்பு தேய்ந்த அந்த நாட்களிலும் தரிசனம் நிற்கக்கூடாது என்றார். தூரத்திலிருந்து வந்தவர்கள் பார்க்காமல் திரும்பக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஜனங்கள் வரிசையாக அவருடைய சிறிய அறையைக் கடந்து போனார்கள். முன்னால் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் அதே பார்வை.

1950 ஏப்ரல் 14-ஆம் தேதி மாலை தம்மை நிமிர்த்தி உட்காரவைக்கும்படி சொன்னார். தொட்டாலே வலிக்கும் உடம்பு. ஊழியர்கள் மெல்லத் தூக்கி உட்காரவைத்தார்கள். வெளியே அன்பர்கள் அருணாசல நாமத்தைப் பாடினார்கள். இரவு எட்டு மணி நாற்பத்தேழு நிமிஷத்துக்கு மூச்சு அடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரும் மறைந்தார்.

ரமணரைப்போல் வலியைப் பொறுக்க நம்மால் ஆகாது. பொறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. ஆனால் அந்தப் பந்தியின் நியாயத்தை நம் வீட்டுக்குக் கொண்டுவரலாம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடும் அம்மாவின் முழங்காலும் தேய்கிறது. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்பவரின் முழங்காலும் தேய்கிறது. பாலும் பழமும் பருப்பும் வீட்டில் யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்று இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். ஓர் இலையில் மட்டும் குறைந்திருந்தால், அதைச் சமன் செய்யப் பெரிய வைத்தியர் யாரும் வேண்டியதில்லை.